"நீரிழிவு கட்டுப்பாட்டில் உள்ளது": ஒரு வரி சுப்ரீம் கோர்ட் வரை போன கதை

"நீரிழிவு கட்டுப்பாட்டில் உள்ளது."

ஒரு நாளைக்கு இந்த வரியை எத்தனை கேஸ் ஷீட்ல எழுதுறேன்னு கணக்கே இல்லை. என்னைப் பொறுத்தவரை இதுக்கு ஒரே அர்த்தம்தான். இதே மாத்திரையைத் தொடரலாம், மூணு மாசம் கழிச்சு வந்து பாருங்க. அவ்வளவுதான். அந்த மனுஷரால எட்டு மணி நேரம் நின்னு வேலை பார்க்க முடியுமா, மூட்டை தூக்க முடியுமான்னு இந்த வரி எதுவுமே சொல்லலை. அதைச் சொல்றதுக்காக நான் எழுதவும் இல்லை.

1972ல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒருத்தருக்கு வந்துக்கிட்டிருந்த இயலாமை உதவித்தொகையை நிறுத்தினாங்க. கடிதத்தில் எழுதியிருந்த காரணங்களில் ஒன்று, அவருடைய நீரிழிவு கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பது. அவர் கோர்ட்டுக்குப் போனார். அந்த வழக்கின் பெயர் இன்னிக்கு அமெரிக்காவில் சட்டம் படிக்கிற எல்லா மாணவருக்கும் தெரியும். மருத்துவம் படிக்கிறவங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத்தான் அதிகம் தெரிஞ்சிருக்கணும்னு நினைக்கிறேன். அதனால இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

முதல்ல இந்த உதவித்தொகை எப்படி வந்ததுன்னு பார்த்துடலாம்.

1935ல் ரூஸ்வெல்ட் காலத்தில் சோஷியல் செக்யூரிட்டி சட்டம் வந்தபோது முதியோருக்கான ஓய்வூதியம் இருந்தது. நடுவயசில் உடம்பு முடியாமல் போனவருக்கான காப்பீடு இல்லை. அதுக்கு இன்னும் 21 வருஷம் ஆச்சு. 1956ல் செனட்டில் 47க்கு 45 என்ற ஓட்டில் மயிரிழையில் தப்பிப் பிழைத்து, ஐசனோவர் கையெழுத்தில் சட்டமானது. அதுவும் 50 வயசு ஆனவங்களுக்கு மட்டும். 1960ல்தான் அந்த வயசு வரம்பை எடுத்தாங்க.

எதிர்த்தது யார்னு கேட்டா, முன்வரிசையில் நின்றது அமெரிக்க மருத்துவர் சங்கம். ஆமாங்க, டாக்டர்கள்தான். அரசு மருத்துவத்துக்குள் மூக்கை நுழைக்கும் என்பது பெரிய பயம். இன்னொரு வாதமும் இருந்தது. நோயாளிக்குச் சிகிச்சை தர்ற டாக்டரை, "இவருக்குப் பணம் கொடுக்கலாமா வேண்டாமா" என்று சர்டிபிகேட் கொடுக்கிற ஆளா மாத்துறீங்களே என்பது. முதல் பயத்தை விடுங்க, அது அரசியல். இரண்டாவதில் ஒரு நியாயம் இருந்துச்சு. இந்தக் கதை முழுக்க அதுதான் திரும்பத் திரும்ப வரும்.

ஒண்ணை மனசுல வெச்சுக்கோங்க. இது தானம் இல்லை. வேலை செய்த காலத்தில் ஒவ்வொரு சம்பளத்திலும் பிடித்த பணத்துக்கு ஈடான காப்பீடு.

நம்ம ஊர்ல மாற்றுத்திறனாளி சான்றிதழில் சதவீதம் போடுறோம். 2016 சட்டப்படி பல சலுகைகளுக்கு 40% கோடு. அமெரிக்காவின் இந்தத் திட்டத்தில் சதவீதமே கிடையாது. ஒரே கேள்வி, ஒரே பதில். உன்னால் குறிப்பிடத்தக்க சம்பாத்தியம் தரக்கூடிய வேலை எதையாவது செய்ய முடியுமா? முடியும்னா பூஜ்யம். முடியாதுன்னா முழுத்தொகை. நடுவுல ஒண்ணும் இல்லை.

"எதையாவது" என்ற சொல்லில்தான் வம்பு. 1960ல் கெர்னர் என்பவர் வழக்கில் மேல்முறையீட்டு நீதிபதி ஹென்றி ஃப்ரெண்ட்லி ரெண்டு கேள்வி கேட்டார். இவரால் என்ன செய்ய முடியும்? இவரால் செய்ய முடிகிற மாதிரி வேலை நிஜமாவே எங்கே இருக்கு? ஏட்டளவில் முடியும்னு சொல்லிட்டா போதாது என்றார். கோர்ட்டுகள் இதைப் பிடிச்சுக்கிட்டு கொஞ்சம் தாராளமா தீர்ப்பு கொடுக்க ஆரம்பிச்சதும், 1967ல் காங்கிரஸ் சட்டத்தையே இறுக்கிவிட்டது. அந்த வேலை உங்க ஊர்ல இல்லைன்னாலும் பரவாயில்லை, காலியிடம் இல்லைன்னாலும் பரவாயில்லை, போய்க் கேட்டா உங்களை யாரும் சேர்த்துக்க மாட்டாங்கன்னாலும் பரவாயில்லை. தேசத்தில் கணிசமான எண்ணிக்கையில் அப்படி ஒரு வேலை இருந்தா, உங்களால் முடியும்னு அர்த்தம்.

இதோட விளைவா, பருப்புக் கொட்டைகளைத் தரம் பிரிக்கிறவர் மாதிரியான வேலைகளைக் காட்டி "இதை நீங்க செய்யலாமே" என்று விண்ணப்பங்களை நிராகரிக்கிற வழக்கம் பல பத்தாண்டு ஓடிச்சு. அந்த வேலைப் பட்டியல் இருக்கும் அகராதியைக் கடைசியா திருத்தியது 1991ல். 2024ல்தான் நூத்திச் சொச்சம் பழைய வேலைகளை இனி காரணமா காட்டக் கூடாதுன்னு எடுத்தாங்க.

சரி, நிராகரிச்சுட்டாங்க. அடுத்து என்ன?

ஏணி மாதிரி படிகள் இருக்கு. முதல் முடிவை மாநில அலுவலகம் எடுக்கும். அங்கே ஒரு அதிகாரியும் ஒரு டாக்டரும் கோப்பைப் படிச்சு முடிவு செய்வாங்க. ஆளைப் பார்க்க மாட்டாங்க. மறுபரிசீலனை கேட்டா, வேற ஒரு ஜோடி அதே கோப்பைப் படிக்கும். மூணாவது படி நிர்வாக நீதிபதி முன் விசாரணை. இங்கேதான் முடிவெடுக்கிறவர் முதல்முறையா உங்க முகத்தைப் பார்க்கிறார். நீங்க எப்படி நாற்காலியில் உட்கார்றீங்க, எத்தனை நிமிஷத்தில் எழுந்திருக்கிறீங்க என்பதெல்லாம் அவர் கண்ணில் படும். நாலாவது மேல்முறையீட்டுக் குழு. மறுபடியும் காகிதம். அதுக்கப்புறம்தான் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றம். ஒவ்வொரு படிக்கும் 60 நாள் கெடு.

கோர்ட்னதும் சாட்சிக் கூண்டு, குறுக்கு விசாரணைன்னு சினிமா மாதிரி நினைக்க வேண்டாம். புதுச் சாட்சி கிடையாது. ஏற்கனவே உள்ள கோப்பைத்தான் நீதிபதி படிப்பார். "இவருக்கு இயலாமை இருக்கா" என்பதுகூட அவர் முன்னால் உள்ள கேள்வி இல்லை. "அதிகாரிகள் எடுத்த முடிவுக்குப் போதுமான ஆதாரம் கோப்பில் இருக்கா" என்பதுதான் கேள்வி. நீதிபதிக்கே வேற கருத்து இருந்தாலும், ஆதாரம் இருந்தா முடிவு நிற்கும். இல்லைன்னா பல நேரம் "மறுபடி விசாரிங்க" என்று கீழே அனுப்புவாங்க.

ஆக மொத்த ஏணியில் மனுஷனை மனுஷன் பார்க்கிறது ஒரே ஒரு படியில். மற்றதெல்லாம் நாங்க, அதாவது டாக்டர்கள், எழுதின காகிதம்.

அந்தக் காகிதத்துக்கு எவ்வளவு மதிப்பு கொடுக்கலாம்னு சுப்ரீம் கோர்ட்டில் கேள்வி வந்தது 1971ல். பெரேலஸ் வழக்கு.

டெக்சாஸ், சான் அன்டோனியோ. 34 வயசு லாரி டிரைவர். கிட்டத்தட்ட 100 கிலோ எடை. 1965 செப்டம்பரில் வேலையில் பாரம் தூக்கும்போது முதுகு பிடிச்சுக்கிச்சு. அப்போ சிடி ஸ்கேனும் கிடையாது, எம்ஆர்ஐயும் கிடையாது. தண்டுவடத்தைச் சுற்றிச் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுக்கும் மைலோகிராம்தான். நரம்பியல் அறுவை நிபுணர் முதுகைத் திறந்து பார்த்தார். டிஸ்க் பிதுங்கல் எதுவும் தென்படலை. ஆனா வலி போகலை.

முதுகுவலி பார்க்கிற எந்த டாக்டருக்கும் இந்த இடம் பழக்கம். படத்தில் ஒண்ணும் இல்லை, நோயாளி வலிக்குதுங்கிறார். படத்தில் பெரிய பிதுங்கல் இருந்தும் ஜாலியா நடமாடுறவங்களும் உண்டு. படத்துக்கும் வலிக்கும் உள்ள உறவு அவ்வளவு நேரானது இல்லை. ஆனா "ஒண்ணும் தென்படவில்லை" என்று அறுவைக் குறிப்பில் எழுதினதும், அடுத்துப் பார்க்கிற ஒவ்வொரு டாக்டரும் அந்தக் கண்ணாடி வழியாத்தான் பார்ப்பார். அரசு செலவில் அவரைப் பரிசோதித்த எலும்பு நிபுணர், நல்ல திடமான ஆள், வேணும்னே அசைவைக் குறைச்சுக் காட்டுறார் என்ற தொனியில் எழுதினார். அவருக்குத் தொடர்ந்து சிகிச்சை கொடுத்த பொது மருத்துவர் மட்டும் இவரால் வேலை செய்ய முடியாதுன்னு சொன்னார்.

விசாரணைக்கு நேரில் வந்து சாட்சி சொன்ன சிகிச்சை டாக்டர் அந்தப் பொது மருத்துவர்தான். அவருக்கு எதிரான நிபுணர்கள் யாரும் வரலை. அவங்க அறிக்கைகள் வந்தன. பெரேலஸின் வக்கீல் ஆட்சேபித்தார். சத்தியப் பிரமாணம் இல்லை, குறுக்கு விசாரணை செய்ய ஆள் இல்லை, இதை எப்படி ஆதாரமா எடுப்பீங்க? போதாததுக்கு விசாரணை அதிகாரி "மருத்துவ ஆலோசகர்" என்று ஒருத்தரை உட்கார வெச்சார். அவர் பெரேலஸைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. மற்றவர்களின் அறிக்கைகளைப் படிச்சு அவங்க என்ன சொல்றாங்கன்னு விளக்கினார். விண்ணப்பம் நிராகரிப்பு.

சுப்ரீம் கோர்ட் 6க்கு 3 என்று அரசுப் பக்கம் நின்றது. தீர்ப்பை எழுதியவர் ஹாரி பிளாக்மன். இவர் நீதிபதி ஆவதற்கு முன்னால், 1950கள் முழுக்க மேயோ கிளினிக்கின் வக்கீலா இருந்தவர். நல்ல டாக்டர்களோடயே பழகினவர். அதனால்தான் அப்படி எழுதினார்னு நான் சொல்லலை. ஆனா தீர்ப்பில் டாக்டர்கள் மேல் அவர் வெச்ச நம்பிக்கையைப் படிக்கும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமா இருந்துச்சு. நிபுணர் வழக்கமான முறையில் பரிசோதித்து எழுதின அறிக்கை நடுநிலையானது, எனவே அது போதுமான ஆதாரம். குறுக்கு விசாரணை வேணும்னா சம்மன் கேட்டிருக்கலாம், பெரேலஸ் கேட்கலை. அப்புறம் நடைமுறைக் காரணம். வருஷத்துக்கு 20,000க்கு மேல் இத்தகைய விசாரணைகள் நடக்குது. எல்லாத்துக்கும் டாக்டர்களை நேரில் கூப்பிட்டா நிதியும் தாங்காது, ஏற்கனவே பற்றாக்குறையா இருக்கிற டாக்டர்களும் தாங்க மாட்டாங்க.

கடைசிக் காரணத்தை என்னால மறுக்க முடியலை. கோர்ட் சம்மன் வந்தா ஒரு நாள் ஓபி போச்சுன்னு எந்த டாக்டருக்கும் தெரியும்.

நீதிபதி டக்ளஸ் கடுமையா எதிர்த்து எழுதினார். இந்த மனுஷனின் கதியைத் தீர்மானித்த ஒரு டாக்டர் அவரைப் பார்க்கவே இல்லை, நடக்கச் சொல்லலை, குனியச் சொல்லலை, எடை தூக்கச் சொல்லலை என்பது அவர் கோபம். அந்த மருத்துவ ஆலோசகர் உட்கார்ந்த நாற்காலியில் என்னை வெச்சுப் பார்த்தேன். டக்ளஸ் பக்கம்தான் நிற்கத் தோணுது.

ஐந்து வருஷம் கழிச்சு இதே நம்பிக்கை இன்னும் பெரிய இடத்துக்குப் போச்சு. ஆரம்பத்தில் சொன்ன வர்ஜீனியாக்காரர் வழக்கு இதுதான். பெயர் எல்ட்ரிட்ஜ்.

1968ல் அவருக்கு உதவித்தொகை கிடைத்தது. காரணம் நாள்பட்ட மனப்பதற்றம், முதுகுப் பிடிப்பு. பின்னாடி நீரிழிவும் சேர்ந்துச்சு. 1972 மார்ச்சில் மாநில அலுவலகத்திலிருந்து ஒரு கேள்வித்தாள் வந்தது. என் நிலைமை மாறலை, இன்னின்ன டாக்டர்களிடம் போறேன்னு பதில் எழுதினார். அவங்க டாக்டரிடமிருந்தும் ஒரு மனநல ஆலோசகரிடமிருந்தும் அறிக்கை வாங்கினாங்க. அப்புறம் கடிதம். மே மாதத்தோடு உங்க இயலாமை முடிஞ்சதுன்னு கருதுகிறோம். நீரிழிவு கட்டுப்பாட்டில் உள்ளது. முதுகு அசைவில் கடுமையான தடை இல்லை. வேலையைத் தடுக்கும் அளவுக்கு மனநலப் பிரச்சினையும் இனி இல்லை.

எல்ட்ரிட்ஜ் பதில் எழுதினார். எனக்கு இருப்பது முதுகுப் பிடிப்பு இல்லை, முதுகெலும்பு வாதம். மற்றபடி தேவையான ஆதாரமெல்லாம் உங்களிடமே இருக்கு. அதோட கதை முடிஞ்சது. ஜூலைக்குப் பிறகு பணம் இல்லை.

நிறுத்தின பிறகு விசாரணை கேட்கலாம். ஜெயிச்சா பாக்கியெல்லாம் மொத்தமா வந்துடும். ஆனா பணம் நின்ற நாளிலிருந்து விசாரணை முடிஞ்சு முடிவு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆச்சு. எல்ட்ரிட்ஜ் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். என்னை நேரில் விசாரிச்சுட்டு அப்புறம் நிறுத்துங்க.

ரெண்டு வருஷம் முன்னாடிதான், 1970ல், கோல்ட்பர்க் வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஏழைகளுக்கான நலத்தொகை விஷயத்தில் இதையேதான் சொல்லியிருந்தது. வாய்மொழி விசாரணை இல்லாம நிறுத்தக் கூடாது. அதைக் காட்டி கீழ்க் கோர்ட்டுகளில் எல்ட்ரிட்ஜ் ஜெயிச்சார். 1976 பிப்ரவரி 24ல் சுப்ரீம் கோர்ட் 6க்கு 2 என்று கவிழ்த்துவிட்டது.

எழுதியவர் லூயிஸ் பவல். அவர் மூணு விஷயங்களைத் தராசில் வெச்சார். பறிபோகிற பொருள் அந்த மனுஷனுக்கு எவ்வளவு முக்கியம்? இப்போதுள்ள நடைமுறையில் தப்பு நடக்க எவ்வளவு வாய்ப்பு, கூடுதல் விசாரணை வெச்சா அது எவ்வளவு குறையும்? அரசுக்கு எவ்வளவு செலவு, சுமை? இந்தத் தராசுதான் சட்ட மாணவர்கள் மனப்பாடம் பண்றது. 2004ல் பயங்கரவாதச் சந்தேகத்தில் பிடிபட்ட ஹம்தி வழக்கில்கூட இதைத்தான் எடுத்து நிறுத்தாங்க.

நமக்கு முக்கியம் ரெண்டாவது தட்டு. தப்பு நடக்க வாய்ப்பு குறைவுன்னு பவல் எதை வெச்சுச் சொன்னார்? பெரேலஸை வெச்சு. நலத்தொகை வழக்குகளில் யார் பொய் சொல்றாங்க, யார் உண்மை சொல்றாங்கன்னு முகம் பார்த்துத்தான் முடிவு செய்யணும். இயலாமை அப்படி இல்லை, நிபுணர்களின் வழக்கமான, நடுநிலையான மருத்துவ அறிக்கைகளை வெச்சு முடிவாகிற விஷயம். எனவே காகிதமே போதும்.

நாங்க எழுதுறது நடுநிலையானதுதான். ஆனா எந்தக் கேள்விக்குப் பதிலா எழுதினோம் என்பதை யாரும் கேட்கலை. இன்சுலின் அளவை மாத்தணுமா என்ற கேள்விக்கு "கட்டுப்பாட்டில் உள்ளது" சரியான பதில். இவர் குடும்பத்துக்கு வருமானம் வேணுமா என்ற கேள்விக்கு அது பதிலே இல்லை. பதற்ற நோயையும் முதுகுவலியையும் வெறும் காகிதத்தில் அளந்துடலாம்னு நம்பினதுதான் எனக்கு வியப்பு. எங்க துறையில் ஆளைப் பார்க்காம சொல்லவே முடியாதது இந்த ரெண்டும்தான்.

முதல் தட்டைப் பற்றி ஒரு வரி. இது தேவையை வெச்சுக் கொடுக்கிற தொகை இல்லை, வேற வருமானம் இருக்கலாம், அதனால் தற்காலிகமா நின்னா நலத்தொகை அளவுக்குக் கஷ்டம் வராது என்றார் பவல். நீதிபதி பிரென்னன் தன் எதிர்த் தீர்ப்பில் நடந்ததைச் சொன்னார். பணம் நின்றதும் எல்ட்ரிட்ஜின் வீடு கடனுக்குப் போச்சு. மேசை நாற்காலிகளைத் தவணைக்காரர்கள் எடுத்துட்டுப் போனாங்க. அவரும் மனைவியும் பிள்ளைகளும் ஒரே கட்டிலில் படுத்தாங்க.

இதுவரைக்கும் ஒருத்தர் ரெண்டு பேர் கதை. அடுத்து வந்தது லட்சக்கணக்கில்.

1980ல், கார்ட்டர் ஆட்சியின் கடைசி ஆண்டில், பயனாளிகளை மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மறுஆய்வு செய்யணும்னு சட்டம் வந்தது. தப்பில்லை. குணமானவங்க இருப்பாங்க, ஏமாத்துறவங்களும் இருப்பாங்க. பட்டியலில் ஐந்தில் ஒருத்தர் தகுதியில்லாதவரா இருக்கலாம்னு அரசின் தணிக்கை அமைப்பே சொல்லியிருந்தது. 1981ல் வந்த ரீகன் அரசு சட்டம் சொன்ன தேதிக்கு முன்னாடியே, மார்ச்சிலேயே, இதை வேகமா ஆரம்பித்தது.

மறுஆய்வு என்றால் நமக்கு என்ன தோணும்? அன்னைக்கு எப்படி இருந்தார், இன்னைக்கு எப்படி இருக்கார்னு ஒப்பிடுவாங்கன்னு. அதைத்தான் செய்யலை. பழைய நிலைமையைப் பார்க்காம, புதுசா விண்ணப்பிச்சவர் மாதிரி இன்றைய கடுமையான அளவுகோலில் வெச்சு அளந்தாங்க. துளிகூட மாறாத நோயாளி திடீர்னு "வேலைக்குத் தகுதி" ஆனார். மனநோயாளிகள் நிறைய அடிபட்டாங்க. கேள்வித்தாள் வந்தா பிரிச்சுப் படிக்கவே முடியாத நிலையில் இருக்கிறவங்க 60 நாளுக்குள் எப்படி மேல்முறையீடு செய்வாங்க?

1984க்குள் கிட்டத்தட்ட 5 லட்சம் பேருக்கு நிறுத்தல் முடிவு போச்சு. மேல்முறையீட்டில் சுமார் 2 லட்சம் பேருக்குத் திரும்பக் கிடைத்தது. காகிதமே போதும், தப்பு நடக்க வாய்ப்பு குறைவுன்னு சொன்ன தராசை இந்த எண்களோட வெச்சுப் பாருங்க.

அதில் ஒருத்தர் ராய் பெனவிடெஸ். 1968ல் வியட்நாமில் ஆறு மணி நேரச் சண்டையில் உடம்பெல்லாம் 37 காயங்களோடு சக வீரர்களை மீட்டவர். 1981 பிப்ரவரி 24ல் ரீகனே அவர் கழுத்தில் நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தை அணிவித்தார். (தேதியைப் பாருங்க, எல்ட்ரிட்ஜ் தீர்ப்பு வந்து சரியா அஞ்சு வருஷம்.) ரெண்டு வருஷம் கழிச்சு, இதயத்துக்குள் குண்டுச் சிதறல்களோடு இருந்த அவருக்கு அதே அரசின் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. உங்களால் வேலை செய்ய முடியும். அவர் 1983ல் காங்கிரஸ் குழு முன் போய்ச் சாட்சி சொன்னார். பத்திரிகைகள் பிடிச்சுக்கிச்சு. மேல்முறையீட்டில் அவருக்குத் தொகை திரும்பக் கிடைத்தது.

பதக்கம் இல்லாதவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. ஆயிரக்கணக்கில் வழக்குகள் குவிஞ்சுது. மேற்குக் கரை மாநிலங்களுக்கான 9வது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், நோயாளி தேறியிருக்கார்னு ஆதாரம் காட்டாம நிறுத்தக் கூடாதுன்னு தீர்ப்பு சொன்னது. அதுக்கு அந்தத் துறை சொன்ன பதில் தலையைச் சுத்த வைக்கும். தீர்ப்பு அந்த ஒரு ஆளுக்கு மட்டும். அவருக்குக் கொடுத்துடுறோம். மற்றவங்களுக்கு நாங்க எங்க விதிப்படிதான் போவோம். அதாவது பக்கத்து வீட்டுக்காரர் இதே கேஸில் ஜெயிச்சிருந்தாலும், நீங்க தனியா வக்கீல் வெச்சு, அத்தனை படியும் ஏறி, அதே கோர்ட்டுக்கு வந்தாத்தான் உங்களுக்கும் அதே நீதி. உடம்பு முடியாதவங்களிடம் கேட்கிற காரியமா இது?

உள்ளேயும் அழுத்தம் இருந்தது. அதிகமா அனுமதி கொடுக்கிற நிர்வாக நீதிபதிகளைத் தனியா பொறுக்கி அவங்க தீர்ப்புகளை ஆய்வு செய்தாங்க. நீதிபதிகளின் சங்கமே துறை மேல் வழக்குப் போட்டது. மாநிலங்கள் ஒவ்வொண்ணா "நாங்க இனி நிறுத்த மாட்டோம்" என்று மறுக்க ஆரம்பிச்சன. 1984 ஏப்ரலில் சுகாதார அமைச்சர் மார்கரெட் ஹெக்லர் மறுஆய்வையே நிறுத்தி வைத்தார். அக்டோபரில் சீர்திருத்தச் சட்டம். பிரதிநிதிகள் சபையில் 402க்கு 0, செனட்டில் 99க்கு 0. ரீகன் கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சட்டப்படி, உடல்நிலை தேறியிருக்கார்னு ஆதாரம் இருந்தாத்தான், ஒருசில விதிவிலக்குகள் தவிர, நிறுத்த முடியும். மனநோய்களுக்கான அளவுகோலைப் புதுசா எழுதச் சொன்னாங்க. நிர்வாக நீதிபதி முன் விசாரணை முடியும் வரை பணத்தைத் தொடர்ந்து வாங்கிக்கலாம், தோத்தா திருப்பிக் கட்டணும். எல்ட்ரிட்ஜ் கேட்டது இதைத்தானே? கோர்ட் கொடுக்க மறுத்ததைக் காங்கிரஸ் கொடுத்தது. 1983 தொடக்கத்திலேயே தற்காலிகமா கொண்டுவந்த ஏற்பாடு இது.

இன்னொரு வழக்கு நியூயார்க்கில். மனநோயாளிகள் விஷயத்தில் அதிகாரிகள் எழுதப்படாத ஒரு குறுக்கு வழியை வெச்சிருந்தாங்க. நோய்ப் பட்டியலில் உள்ள அளவுக்குத் தீவிரம் இல்லைன்னா, அந்த ஆள் குறைந்தபட்சம் தனித்திறன் தேவைப்படாத வேலையாவது செய்வார்னு தானாவே முடிவு கட்டிடுவது. தனித்தனியா "இவரால் என்ன முடியும்" என்று பார்க்கணும்னு அவங்க விதியே சொல்லுது, அதைத் தாண்டிட்டாங்க. வெளியே யாருக்கும் தெரியாது. நகரமும் மாநிலமும் சேர்ந்து வழக்குப் போட்டன. 1984ல் நீதிபதி ஜாக் வைன்ஸ்டைன் அவங்களுக்குச் சாதகமா தீர்ப்பளித்தார்.

சுப்ரீம் கோர்ட்டில் அரசு வாதம் 60 நாள் கெடு. இதில் பல பேர் கெடுவுக்குள் வரலை, ஆகவே வெளியே போகட்டும். 1986 ஜூனில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதா மறுத்தாங்க. விதிமீறலை ரகசியமா வெச்சுட்டு, ஏன் நேரத்துக்கு வரலைன்னு கேட்க முடியாது. இந்தத் தீர்ப்பை எழுதியவர் யார் தெரியுமா? பத்து வருஷம் முன்னாடி எல்ட்ரிட்ஜைத் தோற்கடித்த அதே லூயிஸ் பவல். பணம் நின்ற அதிர்ச்சியில் பலர் மருத்துவமனையில் சேர நேர்ந்ததையும், கடைசியில் ஜெயிச்சுப் பாக்கி வந்தாலும் அந்தப் பாதிப்பு தீராது என்பதையும் இந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்லுது. 1976ல் தராசின் முதல் தட்டில் வைக்காமல் விட்டது இதைத்தான்.

பிளாக்மனுக்கும் இப்படி ஒரு இரண்டாம் முறை வந்தது. 1990, செப்லி வழக்கு. இது ஏழைகளுக்கான இன்னொரு திட்டத்தில் வரும் குழந்தைகளைப் பற்றியது. பெரியவங்க நோய்ப் பட்டியலில் பொருந்தலைன்னாலும் அவங்களால் என்ன செய்ய முடியும்னு தனியா ஒரு மதிப்பீடு உண்டு. குழந்தைகளுக்கு அது கிடையாது. பட்டியலில் பொருந்தலையா, நிராகரிப்பு. அந்தப் பட்டியலில் குழந்தைகளுக்கான டவுன் சிண்ட்ரோம் இல்லை, ஆட்டிசம் இல்லை, தசைச் சிதைவு நோய் இல்லை, ஸ்பைனா பிஃபிடா இல்லை. குழந்தை மருத்துவம் பார்க்கிறவங்க இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்னு மூச்சு விட்டுக்கோங்க.

7க்கு 2 என்று குழந்தைகள் பக்கம் தீர்ப்பு. எழுதியவர் பிளாக்மன். நோயின் பெயரைப் பட்டியலில் தேடினா போதாது, இந்தக் குறிப்பிட்ட குழந்தையின் அன்றாட வாழ்க்கையில் அந்த நோய் என்ன செய்யுதுன்னு பார்க்கணும். நடக்குதா, பேசுதா, தானா சாப்பிடுதா, தன் வயசுப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுதா. நாங்க குழந்தைகள் ஓபியில் முதல்ல கேட்கிற கேள்விகளே இதுதான். ஏற்கனவே நிராகரிக்கப்பட்ட குழந்தைகளின் கோப்புகள் மறுபடி திறக்கப்பட்டன.

1996ல் கிளின்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம், செப்லி தீர்ப்பால் வந்த அந்தத் தனி மதிப்பீட்டை எடுத்துவிட்டு வரையறையை இறுக்கியது. தனி மதிப்பீட்டால் உள்ளே வந்த குழந்தைகளின் கோப்புகளை மறுபடி எடுத்தாங்க. வீடுகளுக்கு நோட்டீஸ் போச்சு. 60 நாள் கெடு மறுபடியும் ஓட ஆரம்பிச்சது, இந்தத் தடவை அப்பா அம்மாக்களுக்கு.